மனம் எதை அசைபோடுகிறது

எனக்கு ஒரு பேச்சு மனப்பாடமாக இருந்தது. அதை நான் எந்த மேடையிலும் பேசியதில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. ஏறக்குறைய இரண்டு வருடங்கள், குளிக்கும்போதும் நடக்கும்போதும், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் அது தானாகத் தொடங்கித் தானாக ஓடும். அதைக் கேட்கவேண்டியவர் ஒரே ஒருவர்தான். சபைக் குழுவில் அவரும் நானும் உறுப்பினர்கள். அவர் வயதில் மூத்தவர், நான் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டத்தில், எல்லாருக்கும் முன்பாக, நான் வாசித்த கணக்கைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னார். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாமல் விழுங்கிய பதில்தான் உள்ளே வளர்ந்து, ஆதாரங்களும் எடுத்துக்காட்டுகளும் சேர்ந்து, ஒரு வழக்கறிஞரின் வாதம்போல முதிர்ந்துவிட்டிருந்தது.

அதே இரண்டு வருடங்களில் நான் காலைதோறும் வேதம் வாசித்தேன், ஜெபித்தேன், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடவில்லை. இவற்றை நான் போலியாகச் செய்தேன் என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் கையில் வேலை இல்லாத வேளையில், யாரும் என்னிடம் எதுவும் கேட்காத வேளையில், என் மனம் தன் போக்கில் எங்கே போய் நின்றது என்று பார்த்தால், அது அந்தக் கூட்ட அறைக்குத்தான் போனது. ஜெபத்தில் முழங்காலிட்டுக் கண்களை மூடினால் முதலில் தெரிந்தது அவருடைய முகம். மனம் புதிதாகுதல் என்பதைப்பற்றி நான் ஏதாவது எழுதவேண்டுமானால், அந்த அறையிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. ஏனென்றால் புதிதாகவேண்டிய மனம் எனக்கு அங்கேதான் முதன்முதலாகக் கண்ணில் பட்டது.

இந்தப் பொருளைப் பேசுகிற எல்லாரும் எடுக்கிற வசனம் ரோமர் 12:2. “நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்.” சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய வசனம் என்பதால் அதன் சொற்கள் காதில் வழுக்கிக்கொண்டே போய்விட்டன. நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான் நம் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு யோசித்துச் சொல் எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

‘பிரபஞ்சம்’ என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் ‘ஐயோன்’. அதற்கு யுகம், காலம் என்று பொருள். இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் இங்கே மண்ணையும் வானத்தையும் பற்றிப் பேசவில்லை. ஒரு காலத்தின் போக்கைப்பற்றிப் பேசுகிறார். ஒவ்வொரு காலத்துக்கும் இயல்பாகத் தோன்றுகிற சில எண்ணங்கள் உண்டு: எது மானம், எது அவமானம், யார் பெரியவர், எதற்குக் கோபப்படலாம், எதை மன்னிக்கவே கூடாது என்பவை. அவற்றை யாரும் நமக்கு உட்கார்ந்து கற்பிப்பதில்லை. மூச்சுக்காற்றுபோல உள்ளே போய்விடுகின்றன. அந்தப் போக்குக்கு ஒத்து நடப்பதைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் ‘வேஷந்தரித்தல்’ என்றார்கள். மூலச் சொல்லின் நடுவே வெளித்தோற்றத்தைக் குறிக்கும் ‘ஸ்கேமா’ என்ற பகுதி இருக்கிறது. வேஷம் என்ற நம்முடைய சொல் அந்த இடத்தில் கச்சிதமாக உட்காருகிறது, ஏனென்றால் வேஷம் மேலே போட்டுக்கொள்வது; அதை நெடுநாள் போட்டிருப்பவருக்கு அது வேஷம் என்பதே மறந்துபோகும்.

அடுத்த சொல் ‘மறுரூபமாகுங்கள்’. இதே வினை புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில்தான் வருகிறது. இரண்டு இடங்கள் மலையின்மேல் இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயு 17, மாற்கு 9 அதிகாரங்கள். மூன்றாவது இந்த வசனம். நான்காவது 2 கொரிந்தியர் 3:18. அங்கே நாம் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு, “அந்தச் சாயலாகத்தானே மகிமையின்மேல் மகிமையடைந்து மறுரூபப்படுகிறோம்” என்று பவுல் எழுதுகிறார். மலையின்மேல் ஆண்டவருக்கு நேர்ந்ததைச் சொன்ன அதே வார்த்தையை, கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பொருமிக்கொண்டிருக்கும் ஒரு விசுவாசியின் மனதுக்கும் சொல்லியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

அந்த வினையின் இலக்கணத்திலும் ஒரு செய்தி உண்டு. அது கட்டளைதான், ஆனால் செயப்பாட்டு வினையில் அமைந்த கட்டளை. ‘உங்களை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று பவுல் சொல்லவில்லை. மாற்றப்படுங்கள், மாற்றுகிறவருக்கு இடங்கொடுங்கள் என்கிறார். நிகழ்காலத்தில் அமைந்திருப்பதால், ஒருநாளில் முடிந்துபோகிற காரியமாக அல்லாமல் தொடர்ந்து நடக்கிற ஒன்றாகவும் அது ஒலிக்கிறது. ‘புதிதாகுதல்’ என்பதற்கு அவர் வழங்கும் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. தீத்து 3:5-ல், “பரிசுத்த ஆவியினுடைய புதிதாக்குதலினாலும்” என்ற தொடரில். புதிதாக்குகிறவர் யார் என்ற கேள்விக்கு அந்த வசனம் நேராகப் பதில் சொல்லிவிடுகிறது. நான் நெடுநாள் இதை என் வேலை என்று எண்ணி, என் மனதை நானே பிடித்து இழுத்து, தோற்று, சலித்து, மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதைக் கவனிக்காமல் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டதும் என் தவறுகளில் ஒன்று. பவுல் இதை ரோமாபுரியிலிருந்த சபைக்கு ஏறக்குறைய கி.பி. 57-ல் கொரிந்துவிலிருந்து எழுதியதாக அறிஞர்கள் கணிக்கிறார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 49-ம் ஆண்டுவாக்கில், பேரரசர் கிலவுதியு யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியிருந்தார். ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்து சேர்ந்ததே அதனால்தான் என்று அப்போஸ்தலர் 18-ம் அதிகாரம் சொல்கிறது. 54-ல் பேரரசர் இறந்தபின் யூத விசுவாசிகள் திரும்பி வந்தபோது, அவர்கள் இல்லாத காலத்தில் சபை யூதரல்லாத புறஜாதியார் கையில் வளர்ந்து, வேறொரு பழக்கத்துக்கு மாறியிருந்திருக்கவேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். காரணம் எதுவானாலும், அங்கே மனக்கசப்பு இருந்தது என்பதற்கு 14-ம் அதிகாரமே சாட்சி. இவர் எதையும் சாப்பிடுகிறார், அவர் காய்கறி மட்டும் சாப்பிடுகிறார். இவர் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறார், அவர் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறார். ஒருவர் மற்றவரை அற்பமாக எண்ண, மற்றவர் இவரைக் குற்றவாளியாகத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

மனம் புதிதாகவேண்டும் என்ற வார்த்தை முதலில் போய்ச் சேர்ந்தது இப்படி ஒருவரையொருவர் மனதுக்குள்ளே நியாயந்தீர்த்துக்கொண்டிருந்தவர்களிடத்தில். ‘மறுரூபமாகுங்கள்’ என்பது பன்மை. நாம் அதைத் தனியறையில், தனி மனிதருக்கு, தனிப்பட்ட சமாதானத்துக்காகச் சொல்லப்பட்டதாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். அதற்கு அடுத்த வசனமே, “தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல்” தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ணவேண்டும் என்று தொடங்குகிறது. அதற்கடுத்துச் சரீரமும் அவயவங்களும் வருகின்றன. மனம் புதிதாகியிருக்கிறதா என்பதற்குப் பவுல் காட்டுகிற முதல் இடம், பரவசமோ தரிசனமோ அல்ல; பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரையும் என்னையும் நான் என்ன அளவுகோலால் அளக்கிறேன் என்பதுதான்.

அதே நிருபத்தின் முதல் அதிகாரத்துக்குத் திரும்பினால், 28-ம் வசனத்தில் “கேடான சிந்தை” என்று ஒரு சொல் வருகிறது. அங்கே சிந்தை என்பதும், 12-ம் அதிகாரத்தில் மனம் என்பதும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான்: ‘நூஸ்’. ‘கேடான’ என்பதற்கு அங்கே உள்ள சொல், உரைத்துப் பார்த்துத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டதைக் குறிக்கும். 12:2-ல் ‘பகுத்தறிய’ என்று வருவதும் அதே வேரிலிருந்து பிறந்த சொல். பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோலச் சோதித்து அறிதல். உரைகல் தானே பழுதாகிவிட்டால் எந்தப் பொன்னையும் சரியாக மதிப்பிடாது. என்னுடைய இரண்டு வருடக் கதை அதுதான். எனக்கு அறிவுக் குறை எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வேத பாடங்கள் தெரியும், மன்னிப்பைப்பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கவும் தெரியும். உரைகல்தான் கெட்டிருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அதில் உரைத்தால் பித்தளையாகத் தெரிந்தது. நான் சொன்ன ஒவ்வொன்றும் பத்தரைமாற்றுத் தங்கமாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் முதலாம் சங்கீதத்துக்குப் போகவேண்டும். கர்த்தருடைய வேதத்தில் “இரவும் பகலும்” தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான் என்று அது தொடங்குகிறது. தியானம் என்றதும் அசையாமல் கண்மூடி அமர்ந்திருக்கும் ஒருவரைத்தான் நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். எபிரெயத்தில் அங்கே உள்ள ‘ஹாகா’ என்ற வினைக்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்பது பொருள். ஏசாயா 31:4-ல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38:14-ல் எசேக்கியா ராஜா தன் வியாதியில் புறாவைப்போல் புலம்பியதற்கும் அதே வினை வருகிறது. இரைமேல் காலை வைத்துக்கொண்டு சிங்கம் உறுமுவது, அதை விடமாட்டேன் என்பதற்காக. வசனத்தைத் தியானிப்பது என்றால் அதை அப்படி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உதட்டில் உருட்டுவது. பழைய மடங்களில் துறவிகள் இதை அசைபோடுதல் என்றே அழைத்தார்கள். காலையில் கேட்ட ஒரு வசனத்தை வேலை செய்கிற நேரமெல்லாம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

தமிழில் அசைபோடுதல் என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. பழைய நினைவுகளை அசைபோட்டேன் என்கிறோம். இதை உணர்ந்த நாளில் எனக்கு ஓர் உண்மை முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது: எனக்குத் தியானம் செய்யத் தெரியாது என்று நான் வருடக்கணக்காக முறையிட்டு வந்திருக்கிறேன், ஆனால் இரவும் பகலும் நான் தியானம்தான் செய்துகொண்டிருந்தேன். வசனம் சொல்கிற அதே விதத்தில், முணுமுணுத்துக்கொண்டே, விடாமல், நடக்கும்போதும் படுக்கும்போதும். தியானித்த பொருள்தான் வேறு. அந்த முதலாம் சங்கீதத்தின் மனுஷன் நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரம்போல இருக்கிறான். நான் எதன் ஓரத்தில் நடப்பட்டிருந்தேன் என்பதை என் கனிகளைக் கண்ட வீட்டார் சொல்லியிருப்பார்கள்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவியைப்பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். கான்ஸ்டாண்டிநோபிளில் பெயர் பெற்ற திருச்சபைப் பணியாளராக இருந்து, அதை விட்டுவிட்டு எகிப்துக்குப் போய், 399-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தவர். அவருடைய சில போதனைகளைப் பிற்காலச் சபை ஏற்கவில்லை. ஆனாலும் மனதில் எழும் எண்ணங்களை அவரைப்போல உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை என்று எட்டு எண்ணங்களை அவர் பிரித்துக் காட்டினார். பின்னாளில் மேற்குத் திருச்சபையில் ஏழு பெரும் பாவங்கள் என்று ஆன பட்டியலுக்கு மூலம் இதுதான். கோபத்தைப்பற்றி அவர் எழுதியதில் ஒரு கவனிப்பு என்னை உலுக்கியது. கோபம் குறிப்பாக ஜெபவேளையில் மனதைப் பற்றிக்கொள்கிறது என்றும், வருத்தப்படுத்தியவரின் முகத்தைக் கண்முன் நிறுத்துகிறது என்றும் அவர் சொல்கிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு அப்பால், மணல்வெளியில் ஒரு சிறிய அறையில் இருந்த ஒருவருக்கு, நான் முழங்காலிடும்போது என்ன நடந்தது என்று தெரிந்திருந்தது.

அவர் சொன்ன முறை இரண்டு பகுதிகளாக இருக்கிறது. எண்ணம் வரும்போது பதறாமல் அதைக் கவனிக்கவேண்டும்: எப்போது வருகிறது, எதன்பின்னே வருகிறது, எப்போது தணிகிறது. பிறகு அந்த எண்ணத்துக்கு வசனத்தால் பதில் சொல்லவேண்டும். இதற்காகவே அவர் எட்டு எண்ணங்களுக்கும் எதிரான வேத வசனங்களைத் தொகுத்து வைத்தார். வனாந்தரத்தில் ஆண்டவர் ஒவ்வொரு சோதனைக்கும் ‘எழுதியிருக்கிறதே’ என்று பதில் சொன்னதுதான் இதற்கு முன்மாதிரி. “எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம்” என்று பவுல் எழுதியதும் இதனோடு சேர்ந்து நிற்கிறது.

என் கதைக்கு வருகிறேன். ரோமர் 12-ம் அதிகாரம் முழுவதையும் மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். பெரிய ஆவிக்குரிய தீர்மானம் எதுவும் இல்லை. என் மனம் ஏற்கெனவே மனப்பாடம் செய்வதில் தேர்ந்திருக்கிறது, வேறொன்றை அதற்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற ஒரு களைத்த எண்ணம்தான். ஒரு நாளைக்கு ஒரு வசனம், நடக்கும்போது வாய்விட்டு. உள்ளே பழைய பேச்சு தொடங்கினால் அதை அடக்க முயலாமல், அன்றைய வசனத்தைச் சொல்லத் தொடங்குவேன். முதல் வாரங்களில் இரண்டும் மாறி மாறி ஓடின. சில நாள் வசனத்தின் நடுவிலேயே பேச்சின் ஒரு வரி வந்து ஒட்டிக்கொள்ளும். 14-ம் வசனத்தில் வந்து நின்றுவிட்டேன். “உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள், ஆசீர்வதிக்கவேண்டியதேயன்றி சபியாதிருங்கள்.” இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை. அன்று அவர் பெயரைச் சொல்லி, அவருடைய உடல்நலத்துக்காகவும் அவருடைய பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தேன். மனதில் ஒரு துளி அன்பும் இல்லை. வார்த்தைகள் மட்டும் இருந்தன. அப்படி மனமில்லாமல் செய்த ஜெபத்தையும் ஆண்டவர் கேட்கிறார் என்று நான் நம்புகிறேன். என்னிடத்தில் அப்போது வேறு எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து, வேறொரு விவரத்தைத் தேடுவதற்காகப் பழைய மினிட்ஸ் நோட்டைப் புரட்டவேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தின் பக்கம் வந்தது. நீல மையில், செயலரின் சாய்ந்த கையெழுத்தில், நான்காம் பொருளின் கீழ் ஒரே ஒரு வரி: வாசிக்கப்பட்ட கணக்கின் கூட்டலை ஒருமுறை சரிபார்க்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார், பொருளாளர் ஒப்புக்கொண்டார். அதை மூன்றுமுறை வாசித்தேன். என் நினைவில் இருந்தது, ‘கணக்கு சரியில்லை’ என்ற வாக்கியம். என் பேச்சு முழுவதும் அந்த வாக்கியத்துக்கான பதில்தான். நோட்டை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தபோது, அவர் உண்மையில் சொன்னது மெல்ல மேலே வந்தது: “தம்பி, இந்தப் பக்கத்துக் கூட்டலை ஒருமுறை பார்த்துவிடலாமா?” தம்பி என்று அவர் அழைத்தது என் நினைவிலிருந்து முற்றிலும் துடைக்கப்பட்டிருந்தது. பொருளாளர் ஒப்புக்கொண்டார் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பொருளாளர் நான்.

யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. இரண்டு வருடங்கள் ஒரு நினைவை அசைபோட்டு அசைபோட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லைச் சேர்த்து, ஒரு சொல்லை நீக்கி, ஒரு கேள்வியைக் குற்றச்சாட்டாக நானே எழுதி முடித்திருந்தேன். பழைய மனுஷன் “மோசம்போக்கும் இச்சைகளாலே கெட்டுப்போகிற” மனுஷன் என்று எபேசியர் 4:22 சொல்வதை, வெளியிலிருந்து வந்து கெடுக்கும் ஆசைகளைப்பற்றியது என்றே எண்ணியிருந்தேன். நியாயம் என் பக்கம் இருக்கவேண்டும் என்பதும் ஓர் இச்சைதான். எல்லாவற்றிலும் அதிகமாக என்னை மோசம்போக்கியது அதுவே. அதற்கடுத்த வசனம், “உங்கள் உள்ளத்திலே புதிதான ஆவியுள்ளவர்களாகி” என்று போகிறது. பழையதைக் களைவதற்கும் புதியதைத் தரிப்பதற்கும் நடுவில், உள்ளத்தைப் புதிதாக்குதல் நிற்கிறது. களைவதற்கு முன் அது பழையது என்று காணக் கண் வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறமான கதைகளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். உண்மையாகவே அநியாயம் செய்யப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவில் எந்தச் சொல்லும் மாறியிருக்காது. அவர்களிடம் போய், ‘உன் நினைவுதான் தவறு’ என்று சொல்வது பாவம். பவுலும் அதைச் சொல்லவில்லை. “பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்” என்ற தேவனுடைய வார்த்தையை அவர் அதே அதிகாரத்தில் எடுத்துக் காட்டுகிறார். அங்கே அநியாயம் அநியாயமாகவே எண்ணப்படுகிறது. வழக்கு மட்டும் வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றப்படுகிறது. அப்படி மாற்றிக் கொடுத்துவிட்டால், இரவில் வாதாடவேண்டிய வேலை நமக்கு இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடாமல் ஒரே எண்ணம் சுழல்வது சிலருக்கு நோயின் அறிகுறி. மனச்சோர்விலும் பதற்ற நோயிலும் எண்ணங்கள் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். அவர்களிடம் இந்த வசனத்தை ஒரு கட்டளையாக எடுத்து வீசி, விசுவாசம் போதவில்லை என்ற பாரத்தையும் ஏற்றி வைப்பதை நான் கண்டிருக்கிறேன். அது மிகுந்த கொடுமை. காலுடைந்தவரை மருத்துவரிடம் அழைத்துப்போகும் அதே அன்போடு அவர்களையும் அழைத்துப்போகவேண்டும். மருந்து உட்கொண்டு தூங்குகிற ஓர் இரவும் கர்த்தர் தருகிற இளைப்பாறுதல்தான்.

இப்போதெல்லாம் இந்தப் பொருளில் பிரசங்கிக்கிறவர்கள் மூளை ஆராய்ச்சியை அதிகம் எடுத்துக் காட்டுகிறார்கள். 2000-ல் லண்டன் வாடகைக் கார் ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்தவர்கள், இட நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். பழக்கம் மூளையின் வடிவத்தையே தொடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று, சந்தேகமில்லை. ஆனால் இதை வைத்து ரோமர் 12:2-ஐ விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. பகையை அசைபோடுகிறவனின் மூளையும் அதே விதமாகத்தான் பழகுகிறது. நல்லதையே நினை, எல்லாம் நல்லதாக நடக்கும் என்கிற போதனைக்கும் இதே குறை. அதில் மனம் மகிழ்ச்சியாக இருக்கலாம். யாருடைய சாயலாக அது மாறுகிறது என்ற கேள்வி எழுவதேயில்லை. கொலோசெயர் 3:10, புதிய மனுஷன் “தன்னைச் சிருஷ்டித்தவருடைய சாயலுக்கொப்பாய்” புதிதாக்கப்படுகிறான் என்கிறது. அந்தச் சாயல் எப்படிப்பட்டது என்று பிலிப்பியர் 2-ம் அதிகாரம் காட்டுகிறது. “கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது” என்று தொடங்கி, அது தம்மை வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவையின் மரணபரியந்தமும் தாழ்த்திய சிந்தை என்று விவரிக்கிறது. தன் நியாயத்தை எந்த அறையிலும் வாதாடாத சிந்தை அது. பிலாத்துவின் முன்பாக மௌனமாக நின்றவருடைய மனம்.

எனக்கு இன்னும் ஒருவரைப்பற்றிச் சொல்லவேண்டும். பின்னாளில் ஆயரும் பெரிய இறையியலாளருமான அகஸ்டின் 386-ல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் ரோமர் 13-ம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வாசித்து மனந்திரும்பியதும், அடுத்த ஆண்டு ஈஸ்டர் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றதும் பலரும் அறிந்த வரலாறு. பலர் அந்தத் தோட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். பத்தாண்டுக்குமேல் கழித்து, ஆயராக இருந்து தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, பழைய பழக்கங்களின் உருவங்கள் தன் நினைவில் இன்னும் உயிரோடிருக்கின்றன, தூக்கத்தில் வந்து தன்னைத் தாக்குகின்றன என்று அவர் ஒளிக்காமல் அறிக்கையிட்டார். பிறர் புகழும்போது தன் மனம் அதில் இன்பமடைகிறதா என்பதே தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றும் வருந்தினார். திருச்சபை வரலாற்றிலேயே மிகவும் பேசப்படும் மனந்திரும்புதல் அது. அதற்குப் பின்னும் அந்த மனம் புதிதாகிக்கொண்டுதான் இருந்தது. “உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது” என்று பவுல் எழுதியபோது, ‘நாளுக்குநாள்’ என்பதை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை.

மினிட்ஸ் நோட்டைப் பார்த்த மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. அந்தக் கூட்டமே அவருக்கு நினைவில்லை. “கணக்குப் பார்க்கச் சொன்னேனா? சொல்லியிருப்பேன், என் வழக்கம்தானே அது” என்று சொல்லிவிட்டு, என் வீட்டாரின் சுகத்தை விசாரித்தார். இரண்டு வருடங்களாக நான் எதிரில் நிறுத்தி வைத்து வாதாடிய ஆள் அவர் இல்லவே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவர் பெயரும் முகமும் கொண்ட ஒருவரை நான்தான் உண்டாக்கி உள்ளே குடிவைத்திருந்தேன். அதன்பின்னும் பல நாள் காலையில் எழும்போது பேச்சின் முதல் வரி தயாராக நின்றது. கேட்க ஆளில்லாமலே பேசப் பழகிவிட்ட மனம், காரணம் போன பிறகும் தடத்தை விடுவதில்லை. 12-ம் அதிகாரத்தை நான் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். “தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” என்று 51-ம் சங்கீதத்தையும் சேர்த்துக்கொண்டேன். சிருஷ்டியும் என்று தாவீது கேட்கிற அந்தச் சொல், ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்பதற்கு எழுதப்பட்ட அதே எபிரெய வினை. பழுதுபார்க்கும்படி அவர் கேட்கவில்லை.

அந்த வருடம் ஆண்டுக் கணக்கைக் குழுவின்முன் வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு தொகையையும் தொட்டுத் தொட்டு, உதடுகள் அசைய மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழாம் பக்கத்தின் அடியில் பென்சில் நின்றது. “தம்பி, இங்கே ஒன்று மீதி எடுக்க விட்டுப்போயிருக்கிறது, பாருங்கள்” என்றார். பழைய பேச்சின் முதல் வரி எனக்குள் எழுந்தது. எழுந்ததை நான் கண்டேன். பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி, “ஆமாம் ஐயா” என்று சொல்லி, தொகையை அடித்துத் திருத்தினேன். அவர் எட்டாம் பக்கத்தைத் திருப்பினார்.